கொல்லும் செடியும் காணும் கண்ணும்

மயிர்க்கொட்டிகளின் உயிருள்ள உடலுள் இருந்து அவற்றையே உண்ணும் குளவிகளைக் கருணை மிக்க கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் எனத் தம்மால் நம்ப முடியவில்லை என, 1860ஆம் ஆண்டு மே மாதத்தில் டார்வின் தம் நண்பர் ஏசா கிரேக்கு எழுதினார். அவ்வாண்டுக் கோடையிலேயே, இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதிப் புதர்நிலமொன்றில், பனித்துளிச் செடியின் இலைகளில் பூச்சிகள் பல ஒட்டி மடிந்திருக்கக் கண்டார். குளவி அவரை வருத்தியது. செடியோ அவரை ஈர்த்தது. அவ்வீர்ப்பின் பயனாகப் ‘பூச்சியுண்ணும் தாவரங்கள்’ பற்றிய அவரது நூல் 1875இல் வெளிவந்தது.

செடியின் செயலைக் கொடுமை என்பார் இலர். நைதரசன் குறைந்த சதுப்பு மண்ணில் வேர் பெறாததை இலை பெறுகின்றது. ஓர் இலையில் சராசரியாக 192 சுரப்பி மயிர்கள் உள்ளன என்பது டார்வினின் கணக்கு. பசையில் சிக்கிய ஈ திமிறத் திமிற, அயலிலுள்ள மயிர்களும் அதன்மேல் வளைகின்றன. பசை சுவாசத் துளைகளை அடைத்துவிட, கால் மணி நேரமளவில் ஈ இறக்கின்றது. அதன்பின் நொதியங்கள் அதன் மென்பகுதிகளைக் கரைக்கின்றன.

ஆயின், இச்செடியைச் சாடியில் வளர்த்து, இடுக்கியால் உயிருள்ள ஈயைப் பிடித்து இலைமேல் வைத்து, அந்தக் கால் மணி நேரமும் குனிந்து பார்த்திருப்பவனின் நிலை யாது? ‘இது இயற்கை’ என அவன் கூறலாம். ஈ தானாக அங்கு வரவில்லை என்பதை அவ்விடை மறைக்கின்றது. ‘செடிக்கு உணவு வேண்டும்’ எனவும் கூறலாம். இது சற்று வலுவான விடை. டார்வினின் மகன் பிரான்சிஸ் 1878இல் வெளியிட்ட சோதனை முடிவுகளின்படி, ஊட்டப்பெற்ற செடிகள் ஊட்டப்பெறாதவற்றினும் இரு மடங்குக்கு மேலான விதைகளைத் தந்தன. எனினும் ஊட்டப்பெறாதவை மடிந்துவிடவில்லை. அவையும் பூத்துக் காய்த்தன. அன்றியும், அவர் ஊட்டியது உயிருள்ள ஈயை அன்று. வாட்டிய இறைச்சித் துணுக்குகளையே. (அவ்விறைச்சியும் ஓர் உயிரின் உடலே என்பது வேறொரு வழக்கு.) இன்று இச்செடி வளர்ப்போர் பலர் உலர்ந்த புழுக்களையும் மீனுணவுத் தூளையும் இடுகின்றனர், செடி செழிக்கின்றது.

உயிருள்ள பூச்சியின் அசைவு இலையை விரைந்து தூண்டும் என்பது உண்மையே. ஆயினும் உயிரற்ற உணவு கிட்டியபோதும் செடி எதனையும் இழப்பதில்லை. இழப்பவன் காண்பவன், அவன் இழப்பது அந்தத் திமிறலை மட்டுமே. உயிருள்ள ஈயைத் தேடிச் செல்பவன் தேடுவது எதனை என்பது இங்குதான் வெளிப்படுகின்றது.

டார்வினும் பூச்சிகளை இலைமேல் வைத்தார். ஆனால் எப்பொருளுக்கு இலை வளைகின்றது, எதற்கு வளையாது என்னும் வினா அவரிடம் இருந்தது. அவ்வினாவுக்காகவே முட்டையின் வெண்கருவையும் கண்ணாடித் துணுக்குகளையும் அவர் இட்டுப் பார்த்தார். அறியும் வேட்கை கொலையைத் தூய்மையாக்கும் என்பதற்கில்லை. விடை கிடைத்ததும் நிறுத்திக்கொள்ள அவருக்கு ஒரு காரணம் இருந்தது. வெறுமனே பார்ப்பவனுக்கு அத்தகைய எல்லை ஏதுமில்லை. அடுத்த ஈயை அவன் எதற்காகவும் மறுக்க வேண்டியதில்லை.

ஊனுக்காகக் கொல்பவனை மட்டுமன்றி, அதனை விலை கொடுத்து வாங்குபவனையும் திருக்குறள் வினவுகின்றது. இங்கோ உண்பது செடி; கொணர்ந்தவன் உண்பதில்லை. பசி என்னும் சாட்டும் அவனுக்கு இல்லை. இடுக்கி மட்டும் அவன் கையில் இருக்கின்றது. முதற் சில நிமிடங்களில் அதனைக் கொண்டே ஈயை விடுவித்தலும் கூடும்.