அதட்டினால் அடங்காது

வகுப்பில் ஒரு பையன் ஓயாமல் கண்ணைச் சிமிட்டுகிறான், தோளைக் குலுக்குகிறான், தொண்டையைச் செருமுகிறான். கிராமமானாலும் நகரமானாலும் முதல் வைத்தியம் அதட்டல். அதற்கும் நிற்காவிட்டால் மந்திரித்துக் கயிறு கட்டுவது. பாவம், அவன் சேட்டை செய்யவில்லை. இது 'டிக்' எனப்படும் நரம்பியல் சிக்கல். அசைவும் ஒலியும் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அதற்குப் பெயர் டூரெட்.

தும்மலுக்கு முன் மூக்கு ஊறுவதுபோல, டிக் வருமுன் உடம்பில் ஓர் உந்துதல் கிளம்பும். பள்ளியில் பல்லைக் கடித்து அடக்கும் பிள்ளைக்கு, வீட்டுக்கு வந்ததும் மொத்தமாகக் கொட்டிவிடுவதும் உண்டு. அஸ்ரின், நன் என்ற உளவியலாளர்கள் 1973-இல் வகுத்த பயிற்சி இந்த உந்துதலைத்தான் பிடித்துக்கொள்கிறது. தோள் குலுங்கப் போகிறதா, முழங்கையை விலாவோடு அழுத்திக்கொள். செருமல் வருகிறதா, மூக்கால் மெல்ல மூச்சுவிடு. இதை விரிவாக்கி 126 சிறார்களிடம் சோதித்து 2010-இல் வெளிவந்த ஆய்வில், பயிற்சி பெற்றவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் பத்தே வாரத்தில் நன்கு முன்னேறினார்கள். பயிற்சியால் டிக் முற்றிலும் போய்விடாது; ஆனால் பலருக்குப் பதின்பருவம் முடியும்போது தானாகவே குறையும்.

பயிற்சியோடு சுற்றியிருப்போரின் புரிதலும் வேண்டும். 2018-இல் வந்த 'ஹிச்கி' இந்திப் படத்தில் ராணி முகர்ஜி டூரெட் உள்ள ஆசிரியை. அதற்கு மூலம் பிராட் கோஹன் என்ற அமெரிக்க ஆசிரியரின் வாழ்க்கை. அவரது பள்ளி நாளில் ஒரு தலைமையாசிரியர் அவரை மேடையேற்றி, அவருடைய டூரெட் பற்றி அவரையே மொத்தப் பள்ளிக்கும் சொல்லவிட்டார். சில நிமிடப் பேச்சுதான். கேலி அன்றோடு குறைந்தது.