முதலில் வேரா, முளையா?

கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம் இருக்கும் குமராட்சி, நெல் விளையும் ஊர். சம்பா விதைப்புக்கு முன் விதைநெல்லை ஒரு நாள் ஊறவைப்பார்கள். வடித்து, ஈரச்சாக்கில் கட்டி இன்னொரு நாள் மூடி வைப்பார்கள். வெள்ளை முனை தெரிந்த பிறகுதான் நாற்றங்காலுக்குப் போகும். அந்த மூட்டையிலிருந்து ஒரு பிடி ஒன்றாம் வகுப்புக்கும் போக வேண்டும் என்பது என் ஆசை. விதை முளைப்பதை அவரை விதையை வைத்துச் சொல்லித்தருவதும் நல்லதுதான். ஆனால் இங்குள்ள பிள்ளை தினமும் வரப்போரம் நடந்து வருகிறதே!

இரண்டு கண்ணாடி டம்ளர் போதும். ஒன்றில் ஈரத்துணிமேல் பத்து நெல். இன்னொன்றில் நாலு விரற்கடைத் தண்ணீருக்கு அடியில் பத்து நெல். துணிமேல் இருப்பதில் வேர் முதலில் எட்டிப்பார்க்கும். தண்ணீருக்குள் இருப்பதிலோ முளைதான் முந்தி மேலே நீளும், வேர் பின்தங்கும். அங்கே ஆக்சிஜன் குறைவு. நெல் முதலில் காற்றைத் தேடுகிறது. எல்லா விதைக்கும் இந்தத் திறமை கிடையாது. காரணத்தை ஆசிரியர் முந்திச் சொல்லாமல், தினமும் பார்த்ததைப் பிள்ளைகளையே படமாக வரையச் சொல்லலாம்.

அடுத்து, சிதம்பரத்துக்குக் கிழக்கே உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அங்குள்ள சுரபுன்னையின் விதை மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிடும். முருங்கைக்காய் போல நீண்ட அந்தப் பச்சை முளை விழுந்து சேற்றில் ஊன்றும், அல்லது மிதந்து போய் வேறிடத்தில் வேர்விடும். நெல்லை ஊறவைத்துப் பார்த்த பிள்ளை, “இதை யார் டீச்சர் ஊறவைத்தது?” என்று கட்டாயம் கேட்கும்.