திரும்பி வருதலும் துணிவே

ஜெகதாப்பட்டினக் கரையில் நின்று நோக்கும் நமக்குக் கடலுக்கப்பால் இலங்கையின் பாவா ஆதம் மலை நினைவில் எழும். 2,243 மீட்டர் உயரமுள்ள அதன் உச்சியிலுள்ள பாதச்சுவடு ஆதிபிதா ஆதம் (அலை) அவர்களுடையது என்பது வழிவழி நம்பிக்கை. 1344இல் இப்னு பதூதா அங்கே ஏறினார். ஆண்டுதோறும் டிசம்பர்ப் பௌர்ணமியில் மலைப் பருவம் தொடங்குகிறது. அக்குளிரிலும் முதியோர் இரவெல்லாம் ஆயிரக்கணக்கான படிகளை ஏறுகின்றனர்.

பாதி வழியில் மூச்சு முட்டித் திரும்பினால் அது தோல்வியா? கடமையான ஹஜ்ஜே இயன்றவர் மீதுதான் விதிக்கப்பட்டுள்ளது. உடலோ இறைவன் தந்த அமானிதம். காற்று கடுத்ததும் படகைக் கரைக்குத் திருப்பும் மீனவரை நாம் கோழை என்போமா?

வீட்டிலேயே முடங்கச் சொல்லும் பிள்ளைகளும், உச்சியைத் தொட்டே தீர்வேன் என்னும் பெரியவர்களும் ஒன்றை உணர்தல் நலம்: முதுமை ஏறுவதைத் தடுப்பதில்லை, எங்கே திரும்புவது என்னும் தெளிவையே கேட்கிறது.