முதலில் யாருடைய குருதி?

ஆவடி என்றவுடன் டாங்கிகளே நம் நினைவுக்கு வரும். 1965-ஆம் ஆண்டில் விஜயந்தா டாங்கி வெளிவந்தது அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்துதான். போர்க்கருவி செய்யும் அவ்வூரிலும், அதையடுத்த அம்பத்தூர், பூவிருந்தவல்லிப் பகுதிகளிலும், போரில் காயமுற்றோரைக் காக்கும் பணியை நாடிப் படையில் சேர விழையும் பிள்ளைகளும் இருக்கவே செய்கின்றனர்.

படையில் அப்பணிக்கு ‘நர்சிங் அசிஸ்டெண்ட்’ என்று பெயர். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியலுடன் ஆங்கிலமும் பயின்றிருக்க வேண்டும். எழுத்துத் தேர்வு, 1.6 கிலோமீட்டர் ஓட்டம், மருத்துவச் சோதனை ஆகியவற்றில் தேறியவருக்கு லக்னோவிலுள்ள இராணுவ மருத்துவப் படையின் மையத்தில் பயிற்சி. வைகறைத் தொழுகை முடித்து ஓடச் செல்லும் மகனைப் பற்றி, ஊதியம் என்ன, விடுப்பு எத்தனை நாள் என்று வீட்டார் வினவுவர். வினவட்டும். ஆனால் அவன் உள்ளம் ஆயத்தமாக வேண்டிய ஒன்றுண்டு. அதனை எந்த ஓட்டமும் சோதித்தறியாது.

தோழனுக்குக் கை முறிந்திருக்கிறது. பகைவனுக்குத் தொடையின் பெருநாளம் அறுந்திருக்கிறது. யாரிடம் முதலில் செல்வது?

1949-ஆம் ஆண்டின் முதலாம் ஜெனீவா உடன்படிக்கை, சிகிச்சையின் முந்துரிமையை மருத்துவ அவசரம் ஒன்றே முடிவு செய்யலாம் என்கிறது. அவ்வுடன்படிக்கைகளுக்கென நம் நாடு 1960-இல் தனிச் சட்டமே இயற்றிற்று. எனவே விடை தெளிவு: பகைவனிடமே செல்ல வேண்டும், தொடை நாளம் அறுந்தவன் சில நிமிடங்களில் மாண்டுவிடுவான். ஆயினும் சட்டம் தெளிவாக இருப்பதால் மனம் தெளிந்துவிடுமா? ஒரே தட்டில் உண்ட தோழன் பார்த்துக் கொண்டிருக்கிறானே! இது துரோகமன்றோ என்று அவன் கேட்டால் என்ன சொல்வது?

ஒருவனைப் போரில் பகைவனாக்குவது அவன் ஏந்தும் ஆயுதம். அது வீழ்ந்தபின் எஞ்சியிருப்பவன் ஒரு நோயாளி, அவ்வளவே. இதனைப் புதுமையென்று கருதுவோர் கொரியாவை நோக்கட்டும். 1950-இல் அங்கே சென்ற நமது 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ், பின்னர் மகாவீர் சக்கரம் பெற்றவர். 1951 மார்ச் 23 அன்று அமெரிக்கப் படையினருடன் முன்சான்-னியில் அவரும் அவர் குழுவினரும் வானிலிருந்து குதித்துக் காயமுற்றோரைக் காத்தனர். போர் ஓய்ந்தபின் அதே பிரிவு, நம் காவற்படையின் பொறுப்பிலிருந்த சீன, வடகொரியக் கைதிகளுக்கும் மருத்துவம் செய்தது.

நம் வரலாற்றிலும் முன்னோடி உண்டு. ஹிஜ்ரி 5-இல் அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் சிகிச்சைக்காக ஒப்படைக்கப்பட்டது ருஃபைதா (ரலி) எனும் பெண்மணியிடமே.

இன்னும் கடினமான வேளையொன்றுண்டு. குண்டுகள் பாய்ந்து கொண்டிருக்கையில் இன்றைய பயிற்சி கூறுவது யாது? முதலில் எதிர்த்துச் சுடு. அவ்வேளையில் பெருங்குருதியைக் கட்டுக்கயிறால் இறுக்குவதன்றி வேறு சிகிச்சைக்கு நின்றுவிடாதே என்பதே. தன்னையும் தன் பொறுப்பிலுள்ள காயமுற்றோரையும் காக்க மருத்துவப் பணியாளர் ஆயுதம் ஏந்தவும் உடன்படிக்கை இடமளிக்கிறது. குணப்படுத்தும் கை சுடவும் வேண்டியிருக்கிறது! பிழைக்க வழியற்றவனை விட்டு, பிழைக்கக்கூடியவனிடம் நகரவும் வேண்டியிருக்கிறது. இவற்றுக்கு இணக்கமான விடை என்னிடமில்லை. நல்ல மனிதனுக்கு இது வலிக்கும், வலிக்கவும் வேண்டும். ஆனால் இருளிலும் கட்டுக்கயிற்றை இறுக்கக் கைகளைப் பழக்குவது போல், இம்முடிவுகளையும் களத்துக்குச் செல்லுமுன்பே எண்ணிப் பழகியாக வேண்டும். குருதி பீறிடும் கணத்தில் சிந்திக்க நேரமேது?

பழகுவதற்கு லக்னோ வரை காத்திருக்க வேண்டியதில்லை. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் விபத்து நேர்கையில், தவறிழைத்த ஓட்டுநர் மீது கூட்டம் கை ஓங்குவதுண்டு. அவன் காலிலிருந்து குருதி வழிந்து கொண்டிருக்கலாம். நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. அங்கே நம் பிள்ளை யாரருகில் முதலில் குனிகிறான் என்று வீட்டார் கேட்டறியலாம்.