கேலரியில் ஒரு படம்

டோம்பிவிலியில் பால்கனிக்குக் கேலரி என்றுதான் பேர். மராத்திக்காரர்கள் சொல்லிச் சொல்லி எங்களுக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. ஆகவே என் முதல் படம் கேலரியில் இருக்கிறது என்று நான் சொன்னால் அதில் பொய் இல்லை. துணிக்கொடிக்குக் கீழே, துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது.

லீவுக்கு வந்த பேத்தி விட்டுப்போன பன்னிரண்டு அக்ரிலிக் ட்யூப்தான் ஆரம்பம். நான் 31 வருஷம் வங்கியில் கேஷியர். சாயங்காலம் கணக்கு டேலியானால் எழுந்து போகலாம். பத்து ரூபாய் உதைத்தாலும் உட்கார்ந்து தேட வேண்டும். வேலை முடிந்ததா என்று யாரையும் கேட்கும் அவசியமே இல்லை.

பூவோ பானையோ வரைந்தால் கோணல் தெரிந்துவிடும். எதையும் வரையாமல் நிறத்தை மட்டும் பூசினால்? அரூப ஓவியத்தில் தப்பே கிடையாது என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன், அந்தத் தைரியம். காலாவதியான ஏ.டி.எம். கார்டால் சிவப்பை இழுத்து, ஈரம் காயுமுன் அதன் மேலேயே பச்சையையும் இழுத்தேன். ஐந்தே நிமிஷத்தில் சாக்கடை நிறம். சரி என்று ஒன்று இல்லாத இடத்தில் தப்பு மட்டும் எப்படி இவ்வளவு பளிச்சென்று தெரிகிறது?

ரசத்துக்கு எங்கள் வீட்டில் யாரும் அளவு எழுதி வைத்ததில்லை. உப்பு குறைந்தால் நாக்குக்குத் தெரிகிறது. கண்ணுக்கும் அப்படி ஒரு பழக்கம் இருக்கும்போல. நான் வேலைக்குப் போன நாட்களில் ஃபாஸ்ட் லோக்கல் பார்சிக் சுரங்கம் வழியாகப் போகும். அந்த இருட்டு முடிந்து, கல்வா தாண்டி, தாணே கழிமுகத்து நீரில் காலை வெளிச்சம் விழுந்து கிடக்கும். லேடீஸ் டப்பாவின் நெரிசலில் அதை ரசிக்க யாருக்கு நேரம்? ஆனாலும் கண் பாட்டுக்குச் சேர்த்து வைத்திருக்கிறது.

அக்ரிலிக் ஒருவகையில் பிளாஸ்டிக்தான். தண்ணீர் ஆவியானதும் அதிலுள்ள நுண்துகள்கள் ஒட்டிக்கொண்டு ஏடாகப் படியும். அப்புறம் தண்ணீரில் கரையாது. ஈரத்தில் பால்போல் வெளுத்திருக்கும் பசை காயும்போது தெளிந்துவிடுவதால், நிறம் சற்றே கறுத்துப்போகும். பூசும்போது பார்த்ததை நம்பக் கூடாது. மே மாதத்தில் தட்டிலேயே இறுகிவிடுகிறது, ஜூலையில் நம் துணி மாதிரி நசநசவென்று கிடக்கிறது. ஒரு சௌகரியம், சாக்கடையானாலும் காய்ந்தபின் மேலே வெள்ளை பூசி மறுபடி தொடங்கலாம்.

அப்படித் தொடங்கியதில் ஒரு ரோஸ் பட்டை விழுந்தது. எனக்கே பிடித்தது. பக்கத்து வீட்டுக் காக்கூ எட்டிப் பார்த்து, "ஹே காய்?" என்றார். ஒன்றுமில்லை, சும்மா நிறம் என்றேன். தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "எம்.ஐ.டி.சி. ரோடு!" என்று சிரித்தார். 2020 பிப்ரவரியில் ரசாயனக் கழிவால் இங்கே அந்தத் தொழிற்பேட்டையில் ஒரு சாலையே ரோஸாகிப் போனது. 2014 ஜனவரியில் பச்சை மழைகூடப் பெய்திருக்கிறது. இந்த ஊரில் நிறம் சும்மா இருக்காது. அதன்பின் எனக்கும் அது ரோடாகவே தெரிந்தது. வெள்ளையை எடுத்தேன்.

மும்பை ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்த ஓவியர் வி.எஸ். காய்தோண்டே (1924–2001) தன் படங்களை அரூபம் என்று சொல்வதை விரும்பியதில்லை. ரோலராலும் கத்தியாலும் பூசி, வழித்து, மறுபடி பூசியவர். வருஷத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் படங்கள். மீதி நாளெல்லாம் என்ன செய்திருப்பார்? பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன். அரை மணி பூசிவிட்டு ஒரு வாரம் எதிரில் உட்காருவதால் எனக்கு அப்படித் தோன்றுகிறது. அந்த ஒரு வாரம்தான் சுகம். ஆனால் வீட்டில் இவரிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

இப்போது ஏழு பூச்சு ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பேத்தி வீடியோவில் வந்தாள்.

"முடிஞ்சுதா பாட்டி?"

"எங்கடி. இன்னும் ஒரு கோட்டு வெள்ளை அடிக்கணும்."

போனைப் படத்தின் பக்கம் திருப்பினேன். "கீழ மூலைல கொஞ்சம் ரோஸ் எட்டிப் பாக்கறதே, அதை மட்டும் தொடாதே பாட்டி" என்றாள். அங்கே ரோஸ் மிச்சம் இருப்பதையே நான் கவனிக்கவில்லை. அப்புறம் ஸ்கூல், சிநேகிதி, நாய்க்குட்டி என்று பேச்சு வளர்ந்தது. வைத்துவிட்டுப் பார்த்தால், வெள்ளையில் தோய்த்து வைத்திருந்த பிரஷ் கட்டையாக இறுகிக் கிடந்தது.