யாரை நோவது?

பிரயாணத்தைப் பற்றிச் சிந்தித்தவர்கள் பெரும்பாலும் தனி மனிதனின் பிரயாணத்தையே சிந்தித்துள்ளனர். யாத்திரிகன், துறவி, வணிகன், நாடு கடத்தப்பட்டவன் ஆகியோர் தத்துவ நூல்களிலே தமக்கென ஓர் இடத்தைப் பெற்றிருக்கின்றனர். பாடசாலை விடுமுறையிலே மனைவி மக்களோடும் முதிய தாயோடும் நான்கு நாள் நகரம் காணப் புறப்படும் குடும்பத்தலைவனுக்கு அங்கே இடமில்லை. அவன் சந்திக்கும் இடர்கள் மிகச் சிறியவை. வழியில் நின்றுவிட்ட வண்டி, தண்ணீர் வராத குழாய், நாற்றம் வீசும் படுக்கை என்பவற்றிலே அறவியலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஆயினும், அக்குடும்பம் ஒருவரோடொருவர் பேசாது வீடு திரும்புமாயின், யாரோ ஒருவர் செய்ய வேண்டியதைச் செய்யாது விட்டிருக்கின்றார். அல்லது தாம் செய்யாத குற்றத்துக்காக ஒருவர் தண்டிக்கப்பட்டிருக்கின்றார். இது நீதி பற்றிய பிரச்சினையே. அளவிலே சிறியது என்பதனால் அது வேறொன்றாகிவிடாது.

வடமராட்சியிலிருந்து கொழும்பு காண வரும் ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தகப்பனார் ஆசிரியர். அவர் சிறுவனாயிருந்தபோது யாழ்தேவியிலே கொழும்புக்கு வந்து, காலிமுகத்திடலிலே காற்றாடி விட்டதைப் பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லியிருப்பார். 1956 ஏப்ரலிலே ஓடத் தொடங்கிய அந்தப் புகையிரதம் 1990இல் யாழ்ப்பாணம் வருவது நின்றது. 2014 ஒக்ரோபரிலேதான் மீண்டும் வந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளிலே வளர்ந்த தலைமுறையினருட் பலருக்குக் கொழும்பு என்பது கடவுச்சீட்டுக்கும் வைத்தியத்துக்கும் வெளிநாட்டு விசாவுக்கும் போய்ச் சேரவேண்டிய இடமாக இருந்ததேயன்றி, குடும்பத்தோடு சென்று கண்டு களிக்கும் நகரமாக இருக்கவில்லை. எனவே, இத்தகையதொரு பிரயாணத்தின்மேல் ஏற்றப்படும் எதிர்பார்ப்பு நான்கு நாட்கள் தாங்கக்கூடிய பாரத்திலும் அதிகமானது. தகப்பனார் காட்ட விரும்புவது ஒரு நகரத்தை மட்டுமன்று. தமக்கு இடையிலே அறுந்துபோன ஒரு காலத்தையும் ஆகும்.

புகையிரதத்திலே ஆசனம் கிடைக்கவில்லை. இரவுப் பேருந்து புத்தளத்துக்கு அப்பால் பழுதாகி மூன்று மணித்தியாலம் தெருவோரத்திலே நின்றது. வெள்ளவத்தையிலே ஒழுங்கு செய்த விடுதிக்கு வந்து சேர்ந்தால், அறை பிற்பகல் இரண்டு மணிக்கே தயாராகும் என்கின்றனர். கைத்தொலைபேசியிலே பார்த்த படத்தில் யன்னலுக்கு வெளியே கடல் தெரிந்தது. உண்மையான யன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். (குளியலறையிலே வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றால் கடல் தெரியும் என்பதை இளைய மகன் கண்டுபிடிக்கின்றான்.) நான்கு மெத்தைகள் என்றனர், இரண்டு வந்தன. குளிரூட்டி ஓசை மட்டும் எழுப்பியது. இரவு பத்து மணிக்கு மேல் குழாயிலே தண்ணீர் இல்லை. மறுநாள் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குச் சென்ற வேளையில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். இவற்றுள் எதுவும் அபூர்வமானதன்று. இக்கட்டுரையைப் படிப்போர் தத்தம் அநுபவத்திலிருந்து இதனிலும் மோசமானவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் இரவு அறைக்குள்ளே நடைபெறுவதுதான் எமது ஆராய்ச்சிக்கு உரியது. "நான் அப்பவே சொன்னனான்" என்ற வாக்கியம் எழுகின்றது. அவ்வாறு அப்பொழுது சொல்லப்பட்டதா என்று விசாரிக்க எந்த நீதிமன்றமும் இல்லை. தகப்பனார் தமது பங்குக்கு மனைவியிடம், பிள்ளையை மழையிலே நனையவிட்டது யார் என்கின்றார். பாட்டியார் தம்மை வீட்டிலே விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று கூறி மற்ற எல்லோரையும் ஒரே சொல்லிலே குற்றவாளிகளாக்கி விடுகின்றார். அறை துடைக்க வந்த இளைஞனுக்கும் ஏச்சு விழுகின்றது. ஆனால், படத்தை அனுப்பிப் பணத்தைப் பெற்றுக்கொண்ட விடுதி உரிமையாளரிடம் எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தண்ணீர் பள்ளத்தை நாடுவதுபோலக் கோபமும் தாழ்ந்த இடத்தையே தேடிச் செல்கின்றது.

இதற்குச் சொல்லப்படும் முதலாவது நியாயம், ஒழுங்கு செய்தவரே பொறுப்பாளி என்பதாகும். 1976இலே பேணாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் ஆகிய இரு தத்துவவியலாளர்கள் ஒரே கருத்தரங்கிலே எழுப்பிய வினா இங்கு பொருந்துகின்றது. மனிதனை அவனது கட்டுப்பாட்டில் உள்ளவற்றுக்காக மட்டுமே புகழவோ பழிக்கவோ வேண்டும் என்று நாம் கொள்கையளவில் ஏற்கின்றோம். நடைமுறையிலோ விளைவைக் கண்டே தீர்ப்பளிக்கின்றோம். தகப்பனார் அதே பேருந்தையும் அதே விடுதியையும் தெரிவுசெய்து, பேருந்து பழுதாகாது, மழை பெய்யாது, அறையும் நன்றாக அமைந்திருந்தால் அவர் கெட்டிக்காரர். அவரது தீர்மானத்திலே ஓர் அணுவளவு மாற்றமுமில்லை. திருவள்ளுவர் 47ஆம் அதிகாரமாகத் தெரிந்துசெயல்வகையை வைத்தவர், 63ஆம் அதிகாரமாக இடுக்கணழியாமையையும் வைத்துள்ளார். முன்னதைச் செவ்வனே செய்தார்க்குப் பின்னது தேவைப்படாது என்று அவர் கருதியிருந்தால் இரண்டாவது அதிகாரம் வேண்டியதில்லை.

இதனால் எவருமே குற்றவாளி அல்லர், எல்லாம் விதி என்று முடித்துவிடலாமா? எம்மவர் விரும்பும் முடிவு அதுவே. ஆனால், அது முன்னைய தவறின் மறுபக்கமேயாகும். நேர்ந்த இடர்கள் அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒருவர் தலையிலே ஏற்றுவதும், அதே மூட்டையை ஊழின் தலையிலே ஏற்றுவதும் ஒரே சோம்பலின் இரு வடிவங்கள். மூட்டையை அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

இவ்வாறு அவிழ்த்துப் பார்ப்பதற்கு, எமது நாட்டுப் பொதுச் சட்டத்தின் ஊற்றுகளுள் ஒன்றான உரோமச் சட்டம் நல்ல வழிகாட்டி. கப்பலோட்டிகள், சத்திரம் நடத்துவோர், குதிரைலாயம் வைத்திருப்போர் ஆகிய மூவகையினரைப் பற்றி உரோம நீதிபதியின் பிரகடனம் ஒன்று இருந்தது. பிரயாணியின் பொருளைக் காப்பதாக ஏற்றுக்கொண்டவர் அதனைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். கொடாவிடின், தம்மிடம் கவனக்குறைவு இருந்ததா இல்லையா என்ற வாதத்துக்கே இடமின்றி அவர் பொறுப்பாளி ஆவார். உல்பியன் என்ற சட்ட அறிஞர் இதற்குக் கூறும் காரணம் சிந்திக்கத்தக்கது. இத்தகையோரை நம்பித் தம் பொருளை ஒப்படைப்பதைத் தவிரப் பிரயாணிகளுக்குப் பெரும்பாலும் வேறு வழியில்லை. பொறுப்பு கடுமையாயில்லாவிடின் அவர்கள் திருடரோடு கூட்டுச்சேர்வர். அந்நிய ஊரிலே இரவிலே நிற்பவனுடைய பலவீனத்திலிருந்தே சத்திரக்காரரின் கடமை பிறக்கின்றது. அதே வேளையிலே, கப்பல் உடைந்தாலோ கடற்கொள்ளையர் தாக்கினாலோ விலக்களிப்பது நியாயம் என்று லபேயோ என்ற மற்றோர் அறிஞர் கருதியதையும் உல்பியன் குறிப்பிடுகின்றார்.

இந்தக் கோட்டை எமது குடும்பத்தின் மூட்டைக்குள்ளே வரைந்து பார்க்கலாம். மழை கப்பல் உடைவைச் சேர்ந்தது. காய்ச்சலும் அவ்வாறே. பேருந்தைப் பற்றி உறுதியாகக் கூற இயலாது; நன்கு பராமரிக்கப்பட்ட வண்டியும் பழுதாகலாம், பராமரிக்கப்படாததும் பழுதாகலாம், விசாரித்தாலன்றித் தெரியாது. அறையோ அவ்வாறானதன்று. படத்திலே கடலைக் காட்டிவிட்டுச் சுவரைக் கொடுப்பது புயலுமன்று, கடற்கொள்ளையர் செயலுமன்று. அது செய்தவர் ஒருவரை உடைய செயல். பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் எமது நாட்டிலே தடைசெய்துமுள்ளது. அப்படியிருந்தும், தகப்பனார்மேல் விழுந்த கோபத்திலே மழைக்கு ஒரு பங்கு, பேருந்துக்கு ஒரு பங்கு, அறைக்கு ஒரு பங்கு என எல்லாம் கலந்திருந்தன. குற்றமுள்ள ஒரேயொரு பங்கும் குற்றமற்றவரிடமே போய்ச் சேர்ந்தது.

உரிமையாளரிடம் ஏன் பேசவில்லை என்பதற்கு இரு காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன.

ஒன்று எமது விருந்தோம்பல் மரபோடு தொடர்புடையது. இல்லறத்தின் பயனே விருந்து புறந்தருதல் எனக் கருதிய பண்பாட்டிலே, இடம் தந்தவரைக் குறைகூறுவது பண்பற்ற செயலாகும். உறவினர் வீட்டிலே பாயில் படுத்தெழுந்து, தலையணை கடினம் என்று எவரும் சொல்வதில்லை. மடத்திலே தங்கியவர் அன்னத்தில் உப்பில்லை என்று முறையிடுவதில்லை. அது சரியே, அங்கே கொடுக்கப்பட்டது கொடை. வாடகை அறையோ விற்பனை. ஆனால், நாம் பணத்தையும் கொடுத்துவிட்டு விருந்தினரின் கூச்சத்தையும் கூடவே கொண்டு செல்கின்றோம். விருந்தோம்பலின் சொற்களை வணிகமும் இரவல் வாங்கிக்கொண்டதனால் இக்குழப்பம் வளர்கின்றது. 'விருந்தினர்' என்று எம்மை அழைப்பவரிடம் பற்றுச்சீட்டைக் காட்டி வாதிடுவது எளிதன்று.

மற்றக் காரணம் இவ்வாறு இலேசாகச் சொல்லிவிடக்கூடியதன்று. 1795இலே இமானுவேல் கான்ற் நிரந்தர சமாதானம் பற்றி எழுதியபோது, விருந்தாளியாக உபசரிக்கப்படும் உரிமை அந்நியனுக்கு இல்லை, ஆனால் வந்த இடத்திலே பகைவனாக நடத்தப்படாதிருக்கும் உரிமை உண்டு என்று வரையறுத்தார். அந்நியனுக்கு உரியதாகச் சொல்லப்பட்ட இக்குறைந்தபட்ச உரிமை, யுத்த காலத்திலே எம்மவருக்குத் தம் நாட்டுத் தலைநகரிலேயே உறுதியாக இருக்கவில்லை. கொழும்பு விடுதிகளிலே தங்கியோர் தாம் எதற்காக வந்தனர் என்பதைப் பொலிசாருக்கு விளக்க வேண்டியிருந்தது. 2007 யூன் 7ஆம் நாள் அதிகாலையிலே 300க்கும் மேற்பட்ட தமிழர் விடுதிகளிலிருந்து எழுப்பப்பட்டு, பேருந்துகளில் ஏற்றப்பட்டு, நகரத்தை விட்டு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அவ்வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அக்காலத்திலே விடுதிக்காரரோடு முரண்படாதிருத்தல் கோழைத்தனமன்று, அது விவேகம். மூட்டைப்பூச்சி கடித்த இரவும் எவரும் வந்து கதவைத் தட்டாதிருந்தால் நல்ல இரவே. அவ்வாறு கற்றுக்கொண்ட மௌனம், அதனை வேண்டிநின்ற காலம் மாறிய பின்னரும் எம்மிடமே தங்கிவிட்டது. வெளியே சொல்ல முடியாத சினம் உள்ளே சொல்லப்படுகின்றது. வெளியாருக்கு முன்னால் நாம் காட்டும் பொறுமைக்கான விலையை வீட்டிலுள்ளோரே செலுத்துகின்றனர். அவர்களுள்ளும் பெண்களே அதிகம் செலுத்துகின்றனர். அந்த அறையிலே இரவு வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தவரும், விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டவரும், தமக்கு மெத்தை வேண்டாம் என்று தரையிலே படுத்தவரும் யார் என்று கேட்டால் விடை எல்லோருக்கும் தெரியும். அவருடைய சகிப்புத்தன்மையை நாம் புகழ்கின்றோம். அப்புகழ்ச்சியின் பயனை அனுபவிப்பவர் விடுதி உரிமையாளரே.

நகரத்துக்குப் போன குடும்பம் ஒன்றின் கதை எமது காப்பியத்திலேயே உண்டு. கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வந்தபோது கவுந்தியடிகள் அவர்களை மாதரி என்ற இடைக்குல மூதாட்டியிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார். மாதரி கொடுத்த இடத்திலே குறையொன்றுமில்லை. அப்படியிருந்தும் நேர்ந்ததை அறிந்தபின் மாதரி தீயிலே புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணாதிருந்து உயிர்விட்டார். குற்றமற்றவரும், தம் கைவழியாக நடந்தமையால் உணரும் துயரம் இது. வில்லியம்ஸ் வேறொரு வகையிலே விளக்க முயன்றதும் இதனையே. எமது தகப்பனாரும் மிகச் சிறிய அளவிலே இதனை உணர்வார்; உணராவிடின் அவரிடம் ஏதோ குறையுண்டு என்றே நினைப்போம். ஆனால், அவர் தாமாக உணர்வது வேறு, பிறர் அதனை அவர்மேல் தீர்ப்பாகச் சுமத்துவது வேறு. கண்ணகி மாதரியிடம் நீதி கேட்கவில்லை, கவுந்தியடிகளை நோகவுமில்லை. தீர்ப்பு எங்கே வழங்கப்பட்டதோ அந்த அரசவைக்கே சென்றாள். பின்னர் மதுரையை எரித்தது பற்றி வேறு வாதங்கள் உண்டு. அங்கே அவளது சினம் எல்லை கடந்தது என்றே நான் கருதுகின்றேன். அவைக்குச் சென்றது வரையிலே அவளது முறையீடு சேரவேண்டிய இடத்தையே சேர்ந்தது.

ஓர் ஆட்சேபம் எழலாம். எல்லா விடுதிகளும் செல்வந்தருடையவை அல்ல. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் வெறுமையான ஓர் அறையை வாடகைக்கு விட்டு வாழும் முதியோரும் உளர். குழாயைத் திருத்தப் பணமில்லாத அத்தகைய ஒரு மூதாட்டியிடம் உரிமை பேசுவது அறமாகுமா? இரு விடயங்களை இங்கே பிரித்து நோக்க வேண்டும். பணத்தைத் திருப்பிக் கேட்பதா, விட்டுக்கொடுப்பதா என்பது இரக்கத்துக்கு உரியது. விட்டுக்கொடுக்கலாம், பல வேளைகளிலே விட்டுக்கொடுக்கவே வேண்டும். நடந்ததைச் சொல்வதோ வேறு. "அம்மா, இரவிலே தண்ணீர் வரவில்லை, படத்திலே காட்டிய யன்னல் இதுவன்று" என்று அமைதியாகச் சொல்வதனால் அவரை ஒரு பொறுப்புள்ள மனிதராக மதித்தவராகின்றோம். ஒன்றும் சொல்லாது பணத்தை மேசையில் வைத்துவிட்டு, முச்சக்கர வண்டியில் ஏறியதும் மனைவியை ஏசத் தொடங்குபவர் அந்த மூதாட்டிக்கும் இரக்கம் காட்டவில்லை. அடுத்த வாரம் அதே அறைக்கு வரவிருக்கும் குடும்பத்தையும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை.