நாளுக்கு ஒரு பாடல்

முனிவர்க்கு மகாவிரதம், இல்லறத்தார்க்கு அணுவிரதம். காக்க இயலும் அளவையே நம் ஆன்றோர் நமக்கு வகுத்தனர். இதனை அறிந்தும் யாம் பிழைத்தோம்.

நாலடியாரின் 400 பாடல்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கென எளிய உரை எழுதப் புகுந்து, நாளுக்குப் பத்துப் பாடல் என உறுதி பூண்டோம். ஐந்தாம் நாளே ஏட்டை மூடினோம். ஓராண்டு அதனைத் தொடவும் நாணினோம். மாணவர்க்கு வீட்டுப்பாடத்தை அளந்து கொடுத்த ஆசிரியைக்கு இது தோன்றாமற்போனது விந்தையே!

பின்னர், காலையில் 48 நிமிடச் சாமாயிகம் முடிந்து எழுந்ததும் ஒரு பாடல், நான்கு வரி உரை, அவ்வளவே என வரையறுத்தோம். கவி புனையவோ ஓவியம் தீட்டவோ விழைவோரும் இவ்வாறே தொடங்குக. கை நடுங்கும் நாளில் இரண்டு வரியோடு நிறுத்துவோம்; ஆயினும் ஏட்டைத் திறவாத நாளில்லை. இப்பொழுது 212-ஆம் பாடலில் நிற்கிறோம். கண்ணொளி மங்கி வருவதால், மாலையில் பேத்தி படித்துக் காட்டுகிறாள். அவளுக்கு விளங்காத சொல்லை அடித்துவிடுகிறோம்.